மறையாத நிலா, வராத பௌர்ணமி

2025 டிசம்பர் 5, மாலை ஏழு மணி இருக்கும். திருக்கார்த்திகைக்கு ஏற்றிய அகல் விளக்குகள் எண்ணெய்ப் பிசுக்கோடு இன்னும் காரிடாரில் செருப்பு அலமாரி மேலேயே கிடந்தன. எடுத்துக் கழுவி வைக்கலாம் என்று போனபோது அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவள் படிப்பது நார்வேயின் வடகோடியில், ட்ரோம்சோ என்ற ஊரில். குளிர்காலத்தில் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். ஆக, அங்கே நண்பகல் பன்னிரண்டு. படத்தில் வானம் நீலம் முக்கிய வேட்டி மாதிரி இருந்தது. கீழே பனி மூடிய மலை, மலைக்குச் சற்று மேலே முழு நிலா.

"சித்தி, இது நேத்துலேர்ந்து மறையவே இல்ல. ராத்திரி தெக்கே நல்ல உயரத்துல இருந்துச்சு. இப்ப வடக்கே வந்து தாழ நிக்குது. ஆப்ல உதயம், மறைவு ரெண்டுக்கும் நேரமே போடல, வெறும் கோடுதான் இருக்கு. போன் கெட்டுப்போச்சா, நிலா கெட்டுப்போச்சா?"

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று பதில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் பதினோராவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், அதே நிலா எதிர் புளோக்குக்குப் பின்னால் வடகிழக்கு மூலையில் ஆரஞ்சு நிறத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உதயம். அவளுக்கோ உதயமும் இல்லை, மறைவும் இல்லை.

இது ஏன் என்று போனில் சொல்லப் பார்த்து, பாதியில் எனக்கே குழம்பியது. அதனால் நிதானமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நம் ஊர் நிலாவைப் பார்ப்போம். சிங்கப்பூரில் பிறையைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். அமாவாசை நிலா சூரியனோடு சேர்ந்து காலை ஏழு மணி வாக்கில் உதித்து மாலை ஏழு வாக்கில் மறையும், கண்ணுக்குத்தான் தெரியாது. வளர்பிறை அரை நிலா பகல் ஒரு மணி வாக்கில் கிழக்கே எழும்பும், மாலை ஏழுக்கு உச்சி, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மறைவு. பௌர்ணமி நிலா மாலை ஏழுக்கு வரும், காலை ஏழுக்குப் போகும். தேய்பிறை அரை நிலாவைப் பார்க்க வேண்டுமானால் நள்ளிரவுக்கு மேல் ஒரு மணி வரை விழித்திருக்க வேண்டும். (ஆறு, பன்னிரண்டு என்று வராமல் ஏழு, ஒன்று என்று வருவதற்கு நிலா காரணமில்லை. நம் கடிகாரம்தான் காரணம். பூமியில் நாம் இருக்கும் இடத்துக்குச் சரியாகப் பொருந்துவது கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்திய நேரம். 1982 ஜனவரி 1 முதல் நாம் எட்டு மணி நேரம் முந்தி ஓட்டுகிறோம்.)

நாளுக்கு நாள் நிலா சுமார் 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. பூமி ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் கொஞ்சம் கிழக்கே நகர்ந்துவிடுவதால், அதை எட்டிப் பிடிக்க பூமி இன்னும் சற்றுச் சுழல வேண்டியிருக்கிறது. சூரியனிலிருந்து நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. பஞ்சாங்கம் காலங்காலமாக எண்ணி வருவது இதைத்தான். 30 திதி சேர்ந்தால் முழுவட்டம். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள்.

அவள் ஆப்பில் வந்த கோடு நம் ஊரிலும் மாதத்தில் ஒரு நாள் வரும். தேய்பிறை அஷ்டமிக்குச் சற்று முன்னால் பாருங்கள். இன்றைக்கு இரவு 11.40-க்கு உதயம் என்றால் அடுத்த உதயம் நள்ளிரவு தாண்டி, நாளை மறுநாள் தேதியில் 12.30 மணிக்குப் போய்விடும். நடுவே ஒரு தேதிக்கு உதயமே கிடையாது. இது வெறும் கணக்குப் பிள்ளை விவகாரம். நிலா ஒழுங்காகத்தான் வந்து போகிறது, தேதிதான் தாண்டிவிட்டது. ட்ரோம்சோவின் கோடு அந்த ரகம் இல்லை. அங்கே பௌர்ணமியை ஒட்டிய ஐந்தாறு நாளும் நிலா நிஜமாகவே அடிவானத்துக்குக் கீழே போகவில்லை.

சரி, இப்போது ஒரு வளையல் வேண்டும், ஒரு சாப்ஸ்டிக் வேண்டும், ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டும். நான் வீடியோ அழைப்பில் அவளுக்குச் சமையலறை சிங்க்கில் வைத்துக் காட்டினேன். (வளையல் அக்காவுடையது. பின்னாலிருந்து "அது தங்கம்டி" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.) தண்ணீர்ப் பரப்புதான் அடிவானம். வளையல் என்பது நிலா ஒரு நாளில் வானத்தில் போடும் வட்டம். அந்த வட்டத்தின் நடுவே குத்திட்டுப் போகும் சாப்ஸ்டிக், வானமே சுழலும் அச்சு. அதன் ஒரு முனை துருவ நட்சத்திரத்தைக் காட்டும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.35 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் இங்கே சாப்ஸ்டிக் ஏறக்குறையத் தண்ணீர் மேல் படுத்தபடி கிடக்கும். துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கட்டடங்களைத் தாண்டி அதை நம்மால் பார்க்க முடிவதில்லை. வளையல் நட்டுக்குத்தலாக நிற்கும், பாதி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே. மரினா பேயில் நிற்கிற பெரிய ராட்டினம் மாதிரி. இப்போது வளையலைச் சாப்ஸ்டிக்கின் மேலேயே வடக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். தெற்கே தள்ளுங்கள். எங்கே தள்ளினாலும் பாதி மேலே, பாதி கீழேதான். அதனால்தான் நமக்கு வருஷம் முழுக்க, எந்தப் பிறையானாலும், நிலா ஏறக்குறையப் பன்னிரண்டரை மணி நேரம் மேலே இருக்கும், அதே அளவு கீழே இருக்கும்.

அடுத்து ட்ரோம்சோ. அது 69.6 டிகிரி வடக்கு. சாப்ஸ்டிக்கை அந்த அளவுக்கு நிமிர்த்துங்கள். வளையல் இப்போது ஏறக்குறையப் படுத்துவிடும். பெரிய ராட்டினமாக நின்றது குடை ராட்டினமாகிவிட்டது, அதுவும் கொஞ்சம் சாய்ந்த குடை ராட்டினம். அதன் நடு தண்ணீர் மட்டத்தில் இருக்கும்வரை இங்கேயும் பாதி மேலே, பாதி கீழே. ஆனால் வளையலைச் சாப்ஸ்டிக்கின் மேல்நோக்கி, அதாவது வடதுருவப் பக்கமாக, நகர்த்திப் பாருங்கள். மெல்ல மெல்லத் தண்ணீரிலிருந்து வெளியே வரும். ஓர் இடத்தில் முழு வளையலும் வெளியே வந்துவிடும். தாழ்ந்த ஓரம் மட்டும் வடக்கே தண்ணீரை உரசிக்கொண்டு நிற்கும். அக்கா மகள் அனுப்பிய படத்தில் இருந்தது அந்த ஓரம்தான். இன்னொரு பக்கம், கீழ்நோக்கித் தள்ளினால் வளையல் முழுகியே போகும். அப்போது நிலா உதிக்கவே உதிக்காது.

தள்ளுவது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. நிலாவே தள்ளிக்கொள்கிறது. நிலா போகும் பாதை, சூரியன் போகும் ராசிப் பாதையை ஒட்டியது. அந்தப் பாதை வானத்தின் நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) 23.4 டிகிரி சாய்ந்து கிடப்பதால், சூரியன் ஆறு மாதம் வடக்கே, ஆறு மாதம் தெற்கே என்று போய் வருகிறது. நிலா அதே பயணத்தை 27.3 நாளில் முடித்துவிடுகிறது. இரண்டு வாரம் வடக்கே, இரண்டு வாரம் தெற்கே. சூரியன் வடக்கே இருக்கும்போது வடதுருவத்தில் ஆறு மாதப் பகல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நிலாவுக்கும் அதே விதிதான், ஆனால் அது மாதா மாதம் நடக்கிறது. துருவத்திலேயே நின்றால் சுமார் இரண்டு வாரம் நிலா மறையாது, அடுத்த இரண்டு வாரம் தலைகாட்டாது.

இதை நாம் சிங்கப்பூரில் பார்க்காமலா இருக்கிறோம்? பார்க்கிறோம், கவனிப்பதில்லை. எங்கள் காரிடார் கிழக்கு பார்த்தது. டிசம்பரில் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து பக்கத்து வீட்டுத் துளசித் தொட்டி மேல் விழும். பௌர்ணமி நிலா அதற்கு நேர்மாறாக வடகிழக்கில் எழும்பும். ஜூனில் எல்லாம் இடம் மாறிவிடும். நமக்கு இந்த ஊசலாட்டத்தின் விளைவு, நிலா எந்த புளோக்குக்குப் பின்னாலிருந்து வருகிறது என்பது மட்டும்தான். அதே ஊசலாட்டம் ட்ரோம்சோவில், நிலா வருகிறதா, இல்லையா என்பதையே முடிவு செய்கிறது.

இதில் பிறை எங்கே வருகிறது? பௌர்ணமி நிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். சூரியன் தெற்கே போயிருக்கும் மாதங்களில் பௌர்ணமி நிலா வடக்கே இருந்தாக வேண்டும். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. அந்த இருட்டு நாள்களில்தான் முழு நிலா மறையாமல் வட்டமடிக்கும். நடுக்குளிர்காலத்தில் அங்கே நிலா நடத்தும் கூத்து இப்படி: முதலில் வளர்பிறை அரை நிலாவாகக் கிழக்கே வந்து மேற்கே போகும். நாள் ஏற ஏற உருவமும் பெருக்கும், வானத்தில் இருக்கும் நேரமும் நீளும். பௌர்ணமியை ஒட்டி மறைவதையே விட்டுவிடும். பிறகு தேயத் தேய நேரம் குறைந்து, தேய்பிறை அரை நிலாவுக்குப் பிறகு காணாமல் போய்விடும். மெல்லிய பிறை அந்த மாதத்தில் கண்ணில் படாது. அது சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது. சூரியனோடு அதுவும் கீழேதான் கிடக்கும்.

கோடையில் எல்லாம் தலைகீழ். நள்ளிரவுச் சூரியனோடு சேர்ந்து மறையாமல் சுற்றுவது அமாவாசை நிலா. யார் கண்ணுக்கும் தெரியாது. பௌர்ணமி நிலாவோ அடிவானத்துக்குக் கீழே. மார்ச் வாக்கில் வளர்பிறை அரை நிலாவும், செப்டம்பர் வாக்கில் தேய்பிறை அரை நிலாவும் வடக்கே உயரும். ஆக, பிறையை மட்டும் வைத்து அங்கே மணி சொல்ல முடியாது. பிறையோடு மாதமும் தெரிய வேண்டும்.

மாதத்தைத் தெரிந்துகொள்ள நம்மிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. நம் திருவிழாப் பௌர்ணமிகளின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம். ஒவ்வொன்றிலும் நிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறது என்ற முகவரி இருக்கிறது. கார்த்திகை என்பது ஆறுமீன் கூட்டம், வான நடுக்கோட்டுக்கு 24 டிகிரி வடக்கே இருப்பது. திருவாதிரைப் பௌர்ணமி மிதுன ராசியில், ராசிப் பாதையின் வடக்கு உச்சியில் வருவது. இந்த இரண்டும்தான் ட்ரோம்சோ போன்ற வடகோடி ஊர்க்காரர்கள் பார்க்கும் மிக உயரமான முழு நிலாக்கள். பூசம் கடகத்தில் இருக்கிறது, இன்னும் வடக்கேதான், ஆனால் இறங்கத் தொடங்கிவிட்டது. மகம், உத்திரம் என்று வரும்போது நடுக்கோட்டை நெருங்கும். சித்திரையில் தெற்கே தாண்டிவிடும். விசாகம் நல்ல தெற்கு.

2026 தைப்பூசம் பிப்ரவரி 1. முந்தைய நள்ளிரவிலிருந்தே சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் காவடிகள் கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் நோக்கிப் போயின. ஒரு மணி வாக்கில் நிலா தலைக்கு மேலே, சற்று வடக்கே தள்ளி நின்றது. அதே நேரம் ட்ரோம்சோவுக்கும் வடக்கே, 78 டிகிரியில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யர்பியன் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிப்ரவரி பாதி வரை சூரியன் வராது. நம் பூச நிலா அங்கே மறையாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் வளையல் இன்னும் தட்டையாகப் படுத்துவிடுவதால், இந்த வருஷங்களில் மாதத்துக்கு ஒன்பது, பத்து நாள் நிலா மறையாது. அதே அளவு நாள் தலைகாட்டாது.

"இந்த வருஷங்களில்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நிலாவின் பாதை ராசிப் பாதையோடு அச்சு அசலாக ஒட்டிப் போவதில்லை. ஐந்து டிகிரி விலகி இருக்கிறது. அந்த விலகலும் ஒரே இடத்தில் நிற்காமல் 18.6 வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. சில வருஷங்களில் அது 23.4 டிகிரியோடு கூடி நிலாவை 28.5 டிகிரி வரை வடக்கே கொண்டுபோகும். சில வருஷங்களில் கழிந்து 18 சொச்சத்தோடு நிறுத்திவிடும். 2024, 2025-ல் கூடுதல் உச்சத்தில் இருந்தது. 2034 வாக்கில் குறைவின் உச்சம். ட்ரோம்சோவில் நிலா மறையாமலிருக்க அது 20 டிகிரிக்கு மேல் வடக்கே போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இவள் 2034-ல் அங்கே படிக்கப் போயிருந்தால் நிலா தினமும் சமர்த்தாக உதித்து மறைந்திருக்கும், எனக்கு அந்தப் படமும் வந்திருக்காது. லாங்யர்பியனில் மட்டும் எந்த வருஷமானாலும் மறையாத நிலா உண்டு, நாள்தான் குறையும்.

'கிழக்கே உதிக்கும்' என்ற நம்பிக்கையையும் அங்கே மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். மறையாத நாள்கள் நெருங்க நெருங்க நிலா உதிக்கும் இடம் கிழக்கிலிருந்து வடகிழக்கு, அப்புறம் நேர் வடக்கு என்று நகரும். மறையும் இடம் மேற்கிலிருந்து அதே வடக்குக்கு வரும். கடைசி நாளில் வடக்கே மலைக்குப் பின்னால் ஒரு முங்கு முங்கி, சற்று நேரத்தில் பக்கத்திலேயே எழும்பிவிடும். அந்த நாள்களில் தினமும் 50 நிமிடத் தாமதம் என்ற வழக்கமும் கிடையாது. நேற்று உதித்த நேரத்துக்கு முன்பாகவே இன்று உதித்துவிடும். ஒரே தேதியில் இரண்டு உதயம் வருவதும் உண்டு. இதன் சாயல் இன்னும் தெற்கே உள்ள நாடுகளிலும் இருக்கிறது. நாம் சீனர்களின் மூன்கேக் திருவிழாவுக்கு லாந்தர் தூக்கும் அந்தச் செப்டம்பர், அக்டோபர் வாக்குப் பௌர்ணமியை ஒட்டி, இங்கிலாந்து போன்ற இடங்களில் அடுத்தடுத்த நாள் நிலா உதயங்களுக்கு நடுவே இருபது நிமிடம் போல்தான் வித்தியாசம் வரும்.

பிறையின் சாய்வும் வேறு. நம் மூன்றாம் பிறை மேற்கே இறங்கும்போது கிண்ணம் வைத்த மாதிரி மல்லாந்து கிடக்கும். வளர்பிறை அரை நிலா பகலில் கிழக்கே எழும்பும்போது வெளிச்சப் பாதி மேலே, மாலையில் உச்சியில் மேற்குப் பார்த்து, மறையும்போது கீழே என்று இரவுக்குள் குட்டிக்கரணமே போட்டுவிடும். ட்ரோம்சோவில் அது கொஞ்சம் முன்னே பின்னே சாயுமே தவிர வலப்பக்க வெளிச்சம் வலப்பக்கமாகவே வட்டமடிக்கும். நின்ற ராட்டினத்தில் தலைகீழாகப் போவதற்கும் குடை ராட்டினக் குதிரையில் உட்கார்ந்து சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த மறையாத நிலாவைப் பார்த்துத் தங்கள் நாளை வகுத்துக்கொள்ளும் உயிர்களும் இருக்கின்றன. வடதுருவக் கடலில் மிதக்கும் மிகச்சிறு உயிரிகள், வெளிச்சத்தில் தங்களைத் தின்ன வருபவற்றுக்குப் பயந்து பகலில் ஆழத்துக்குப் போய் இரவில் மேலே வரும். சூரியனே வராத மாதங்களில் அவை சூரிய நாளை விட்டுவிட்டு 24.8 மணி நேர நிலா நாளைப் பின்பற்றுகின்றன என்றும், பௌர்ணமியை ஒட்டிச் சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன என்றும் 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

இதையெல்லாம் வீடியோ அழைப்பில் சொல்லி முடித்து வளையலைத் துடைத்துக் கொடுத்தபோது அக்கா ஒன்று கேட்டாள். அவள் மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு விளக்கேற்றுபவள். மகளும் ஏற்ற வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. "வைகாசி விசாகத்துக்கு அங்க நிலாவே வராதுங்கிறியே, அப்ப இவ எப்படி விளக்கேத்துவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "சூரியன் ராத்திரியெல்லாம் இருக்கும்மா. விளக்கு ஏத்தினாலும் தெரியாது."

பௌர்ணமி என்பது உலகம் முழுமைக்கும் ஒரே நொடி என்று நான் விளக்கப் பார்த்தேன். டிசம்பர் 5 காலை 7.14-க்கு நமக்கு வந்தது அவளுக்கு நள்ளிரவு 12.14, அதே நொடி. சூரியனுக்கு எதிரே நிலா வருவதுதான் கணக்கு, அதை நாம் பார்க்கிறோமா என்பது தனி. அக்கா காதில் வாங்கவில்லை. வளையலைக் கையில் மாட்டிக்கொண்டே போன் பக்கம் குனிந்து சொன்னாள்:

"காலண்டர்ல பௌர்ணமின்னு போட்டா பௌர்ணமிதான். நிலா வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நீ ஏத்து."